வியாழன் துண்டு

அத்தியாயம் 19

போன வாரம் சர்பாங் பட்டறைப் பூட்டை மாற்றினான். அதற்கே வாசகர்கள் எனக்கு எழுதிய கடிதங்களில் அவனுக்கு விழுந்த திட்டு ஒரு மூட்டை தேறும். அவன் செய்ததில் பூட்டு சின்ன விஷயம் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வாரம் ஆரம்பிக்கிறேன்.

டோம்ஃபே உயிரோடு இருந்தவரை, குமாசி நகரின் ஆசாஃபோ பகுதியில் அவருடைய கண்ணாடிப் பட்டறையில் வியாழக்கிழமை மணல் பறந்ததே இல்லை. வியாழன் பூமித்தாயின் நாள். அன்று எங்கள் ஊரில் எவனும் மண்வெட்டியைத் தொடமாட்டான். மணலும் மண்தானே என்பது டோம்ஃபேயின் நியாயம். மற்ற ஆறு நாளும் காற்றழுத்தத்தில் மணலை அடித்துக் கண்ணாடியில் பூவும் பறவையும் குடைவார், ஏழாம் நாள் திறந்த கடையில் சும்மா உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்.

சர்பாங் வந்த முதல் வியாழனே கம்ப்ரஸரை ஓட்டினான். டோம்ஃபேயின் மனைவி ஃப்ரேமா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மோட்டார் தலையில் ஊற்றினாள். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

யார் இந்த சர்பாங்? டோம்ஃபேயின் தங்கை போமாவின் மகன். தேமா துறைமுகத்துப் பக்கம் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தவன். எங்களில் ஒருவர் இறந்தால் வாரிசு சகோதரியின் பிள்ளை, பெற்ற பிள்ளைகள் தாயின் குலம். நாற்பதாம் நாள் பெரியவர்கள் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு கூடினார்கள், சர்பாங்கை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், 'இனிமேல் இவன்தான் டோம்ஃபே' என்றார்கள். நேற்றுவரை அத்தை மகனாக இருந்தவன் டோம்ஃபேயின் மகள் சேர்வாவுக்கு அன்றிலிருந்து அப்பா. அவளைவிட இரண்டே வயது மூத்த அப்பா.

பட்டறையில் மட்டும் முடிச்சு விழுந்துவிட்டது. அது ஃப்ரேமா துணி விற்ற காசில் கட்டியது. பதினொரு வருடமாக அங்கே மணல் துப்பாக்கி பிடித்தவள் சேர்வா. பெரியவர்கள் தலையைச் சொறிந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக எழுந்துபோனார்கள். அதுவரை சாவி சர்பாங்கிடம்.

இடையில் நிற்கிறது பருந்துக் கதவு. ராணித்தாய் தன் அரண்மனைக்குக் கேட்டது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனக் கண்ணாடி, ஆள் உயரம், சிறகு விரித்த பருந்து, ஓரமெல்லாம் பூவேலை. டோம்ஃபே ரப்பர் ஸ்டென்சிலை முழுக்க வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டுச் செத்துப்போனார். மணல் அடிப்பது மட்டும் பாக்கி. இன்று செவ்வாய். நாலு மணிக்கு அரண்மனை வண்டி வரும்.

*

"வாயைத் திறக்காதே."

காலையில் கோகோ என்னும் மாவுக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே ஃப்ரேமா மகளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கணவன் இறந்ததிலிருந்து கறுப்பைத் தவிர வேறு உடுத்தாதவள். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்துவிட்டவள்.

"எதுக்கும்மா?"

"அவனுக்கு மணல் வேலை தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டறவன். இன்னிக்கு அந்தக் கதவை அவனே அடிக்கப் போறானாம், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அடிக்கட்டும். கெடுக்கட்டும். ஞாயித்துக்கிழமை பெரியவங்க பார்த்துக்குவாங்க."

"அப்பாவோட கடைசி வேலைம்மா அது."

"உங்கப்பா போயாச்சு. நீயும் நானும் இருக்கோம். பட்டறை போச்சுன்னா நீ எங்க போவே? அவன் கடையில பஸ்ஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவியா?"

சேர்வா கூசே வடையைக் கடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது.

அவள் மனதில் ஓடியது வேறு. ஸ்டென்சில் வெட்டும் முன் அப்பாவும் அவளும் அரண்மனைக்குப் போனார்கள். ராணித்தாய் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பறவை முழுக்கக் குடை. கண்ணை மட்டும் விட்டுடு. நான் என் நாற்காலியில உட்கார்ந்தபடியே அது வழியா வாசல்ல யார் நிக்கறான்னு பார்க்கணும்."

ஒரு முட்டை அளவு வட்டம். அதில் மணலே படக்கூடாது. பட்டறையில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

*

பட்டறைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

"உரிச்சுப் போடு இந்த ரப்பரை! ஐம்பது நாளா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. பசை இறுகிப் பாறையாயிடுச்சு."

சர்பாங் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். மணல் பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருபவனை என்ன சொல்வது? தோளில் ஒரு பளபளப்பான வினைல் ஸ்டிக்கர் சுருள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் தாய் போமா அத்தை, மடியில் குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு.

"அதைத் தொடாதே," என்றாள் சேர்வா.

"யாரைப் பார்த்துப் பேசறே?"

"உன்னைத்தான்."

"'உன்னை'யா? அப்பான்னு கூப்பிடு."

"எங்கப்பா ரப்பருக்கும் வினைலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவர்."

அத்தை குடையைத் தரையில் தட்டினாள். "மரியாதை! முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறை இருக்கு அத்தை, வேலைன்னும் ஒண்ணு இருக்கு. பூவேலைக்கு வினைல் போதும், அப்பாவே ஓரத்துக்கு வினைல்தான் வெட்டி வச்சிருக்கார். மேலோட்டமா வெள்ளை பூத்தாப் போதும் அதுக்கு. பருந்துக்கு நாலு மில்லி ஆழம் குடையணும். வினைல் தாங்காது, மணல் அதைத் தின்னுட்டுப் போயிடும். ரப்பர்னா மணல் பட்டுத் துள்ளித் திரும்பிடும்."

"இது சாதா வினைல் இல்லை," என்றான் சர்பாங். "துபாய் சரக்கு. தேமாவுல என் மெஷின் பருந்தை ரெண்டு நிமிஷத்துல வெட்டிக் குடுத்திருக்கு. உங்கப்பா ஒரு மாசம் கத்தியை வச்சு நோண்டினார்."

"ஒட்டு. அந்த உடைஞ்ச கண்ணாடியில ஒட்டி அடிச்சுக் காட்டு."

அம்மா வேண்டாம் என்றதெல்லாம் வாசலிலேயே போய்விட்டது. சேர்வாவுக்கு வாய் அப்படி.

அவன் ஒட்டினான். துப்பாக்கியை எடுத்தான். பக்கத்து அலுமினியக் கடைக்காரர்கள் இரண்டு பேர், ஜன்னல் சட்டம் வாங்க வந்த ஒரு பாதிரியார், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் உறுமியது. சேர்வா உரக்க எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஐந்தில் வினைலின் ஓரம் எழுந்தது. ஏழில் பருந்தின் அலகு பறந்து போய் பாதிரியாரின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பத்தில் துபாய் சரக்கு கந்தலாகக் கிடந்தது, கண்ணாடியில் இருந்தது பருந்தும் இல்லை கோழியும் இல்லை.

அலுமினியக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பாதிரியார் அலகை உரித்துக்கொண்டே சிரித்தார். சேர்வா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அங்கேதான் தப்பு செய்தாள். ஆம்பிளையின் தோல்வியைச் சரிசெய்துவிடலாம், அவன் தோற்றதைப் பார்த்து நாலு பேர் சிரித்ததைச் சரிசெய்யவே முடியாது.

சர்பாங் துப்பாக்கியைக் கீழே வைத்தான். குரல் தணிந்திருந்தது. தணிந்த குரலில் பேசும் சர்பாங் இன்னும் மோசம்.

"சரி. ரப்பர் இருக்கட்டும். ஆனா நான்தான் அடிப்பேன். நீ பக்கத்துல நின்னு மணல் கொட்டு."

"எனக்குத்தான் கை பழகியிருக்கு."

"நீ எந்தக் குலம்டி?"

அலுமினியக் கடைக்காரர்கள் தங்கள் கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"சொல்லு. எந்தக் குலம்? உங்கம்மா காக்கை. நீ காக்கை. இது பருந்து. எங்கம்மா பருந்து, மாமா பருந்து, நான் பருந்து, ராணித்தாய் பருந்து. எங்க பறவை மேல காக்கைக்கு என்னடி வேலை? இத்தனை வருஷம் எங்க மாமா வீட்டுல மிச்சம் மீதி பொறுக்கினது போதாதா?"

அத்தையும் குனிந்துகொண்டாள். தன் மகன் அளவு மீறிவிட்டான் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.

சேர்வாவுக்குக் கண்ணீர் வரவில்லை. காது இரண்டும் சுட்டன. மணல் மூட்டையைத் தூக்கி உள்ளே போனாள்.

*

மணல் அடிக்கும் அறை தகரமும் பிளாஸ்டிக் திரையும் போட்டது. கதவை மூடினால் வெளியே ஒன்றும் கேட்காது. உள்ளே சர்பாங், சேர்வா, சாய்த்து நிறுத்திய கண்ணாடி. இரண்டு பேருக்கும் முகமூடி.

டோம்ஃபே ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்புப் பென்சிலால் கிழமை எழுதியிருந்தார். எது முதலில் உரிக்கப்படுகிறதோ அது அதிக நேரம் மணல் வாங்கும், அதிக ஆழம் போகும். ஞாயிறு அலகு. திங்கள் தலை. செவ்வாய் மார்பு. புதன் முன்சிறகு. இப்படியே சனிக்கிழமை வால்வரை. கிழமை வரிசையில் உரித்துக்கொண்டே போனால் பருந்து கண்ணாடியிலிருந்து எழுந்து வரும்.

பசை உண்மையிலேயே இறுகியிருந்தது. சேர்வா வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி இளக்கினாள், சர்பாங் உரித்தான். ஒப்புக்கொள்கிறேன், அவன் கை மோசமில்லை. குழலை நேராகப் பிடித்தான், ஒரே இடத்தில் நிற்காமல் வீசினான். ஞாயிறு நன்றாக வந்தது. திங்கள் இன்னும் நன்றாக. புதன் முடிந்தபோது அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

முகமூடியைத் தூக்கினான். "பார்த்தியாடி? ரத்தத்துல இருக்கு."

அடுத்த துண்டைத் தேடினான். தலைக்கு நடுவில் சின்ன வட்டம். சுண்ணாம்பில் 'வியாழன்' என்று எழுதியிருந்தது.

"இந்தக் குட்டி வட்டமா? கண்ணா?"

சேர்வா நிமிர்ந்தாள்.

"கேட்கறேன்ல. கண்ணுதானே? ஆழமா குடையணுமா, லேசாவா?"

அவள் வாயில் வார்த்தை வந்துவிட்டது. தொடாதே. இரண்டு நொடி வேலை. வியாழன் என்றால் தொடக்கூடாது என்று இந்த ஊரில் பிறந்த கோழிக்குஞ்சுக்கும் தெரியும். அப்பா அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

"வாயில என்ன, கென்கே உருண்டை அடைச்சிருக்கா? காக்கை கத்தத்தானே செய்யும்? கத்து."

சேர்வா முகமூடியை இறக்கிக்கொண்டாள். வார்த்தை முகமூடிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவன் தோளைக் குலுக்கினான். வட்டத்தை நகத்தால் கெல்லி உரித்துத் தரையில் எறிந்தான். குழலைக் கண் மேல் வைத்தான்.

முதல் நொடியிலேயே அவள் 'நிறுத்து' என்று கத்தினாள். எனக்குத் தெரியும், கத்தினாள். ஆனால் முகமூடி, கம்ப்ரஸர், மணல் இரைச்சல். கண்ணாடியின் பளபளப்பு சாக ஒரு நொடி போதும். அவன் அரை நிமிடம் அடித்தான்.

*

மூன்றரை மணி. கழுவிய கதவை வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். மணலும் பசையும் போய், கண்ணாடி ஈரமாக மின்னியது. ஹார்மட்டான் காற்று அடிக்கும் தூசி நாளிலும் பருந்து பறக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனி.

கண் மட்டும் வெள்ளையாகக் குழிந்திருந்தது. கண்புரை விழுந்த கிழவனின் கண்.

ஃப்ரேமா வந்து பார்த்தாள். என்ன ஏது என்று முழுக்கப் புரியாவிட்டாலும், கெட்டுவிட்டது என்பது புரிந்தது. மகள் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் சொன்னாள்:

"நல்லா வாயை மூடிக்கிட்டே."

சேர்வாவுக்கு அந்தப் பாராட்டு செருப்படியாக விழுந்தது.

போமா அத்தை பட்டறைக்குள் போய்விட்டு வெளியே வந்தாள். உள்ளங்கையில் ஒரு சின்ன ரப்பர் வட்டம்.

"இது தரையில கிடந்தது. எந்த இடம் இது?"

"கண்ணும்மா," என்றான் சர்பாங்.

"உரிச்சியா?"

"வரிசையா எழுதியிருந்தார். வரிசையா உரிச்சேன்."

"வியாழன்னு எழுதியிருக்கே."

"அதான் புதனுக்கு அப்புறம்..."

"வியாழக்கிழமை எவன்டா மண்ணைக் கொத்துவான்?"

சர்பாங்குக்கும் தெரிந்த விஷயம்தான். பூமித்தாய், வியாழன் எல்லாம் பிசாசு வேலை என்று தேமாவில் அவன் போகும் சபையில் சொல்லிச் சொல்லி, தெரிந்ததைக் கணக்கில் எடுப்பதையே விட்டிருந்தான்.

அத்தை இப்போது சேர்வாவைப் பார்த்தாள்.

"நீ உள்ளேதானே இருந்தே?"

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

சேர்வா ஈரக் கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

"தெரிஞ்சும் பார்த்துக்கிட்டு நின்னே. என் அண்ணன் உன்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தானேடி. அவன் வெட்டின பறவையோட கண்ணைக் குத்த எப்படிடீ மனசு வந்தது?"

ஃப்ரேமா பாய்ந்தாள். "உம்புள்ளை குத்தினான்! எம்பொண்ணு மேல எதுக்குப் பழி போடறே?"

"நீ பேசாதே. தண்ணி ஊத்தினவ நீ. வளர்ப்பு நல்லாத் தெரியுது."

"யார் மேலயும் பழி வேண்டாம்," என்றான் சர்பாங். அதற்குள் அவன் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அவன் மூளை வேலை செய்யும்போதுதான் நாம் பயப்பட வேண்டும். "மாமாவுக்குக் கடைசி வருஷம் கண்ணுல புரை. ஆசாஃபோவுக்கே தெரியும். கண் தெரியாம ஸ்டென்சிலைத் தப்பா வெட்டிட்டார். அவர் எழுதினபடி நாம அடிச்சோம். அவ்வளவுதான்."

"என்னது?" என்றாள் சேர்வா.

"கீழ மூலையில அவர் பேர் இருக்கில்ல. அதையும் அடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சது. அவர் வேலை, அவர் தப்பு. செத்தவரை ராணித்தாய் என்ன செய்யப் போறாங்க?"

மூலையில் ரப்பர் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. 'டோம்ஃபே, ஆசாஃபோ' என்று அவரே வெட்டியது. அவர் பழக்கம் அப்படி. வேலை முடித்து, கழுவி, வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் கடைசியாகப் பெயரை அடிப்பார். பிடிக்காவிட்டால் பெயர் இல்லாமலே போகும். குமாசியில் அவர் பெயரில்லாமல் போன கதவு நான் அறிந்து மூன்றோ நாலோதான்.

சர்பாங் மூலைக்குக் குனிந்தான்.

"கையை எடு," என்றாள் சேர்வா.

"அப்பா சொல்றேன்..."

"கையை எடுடா!"

ராணித்தாய் தினம் அந்தக் கதவைப் பார்ப்பார். வருகிறவன் போகிறவன் எல்லாம் குருட்டுப் பருந்தைப் பார்த்துவிட்டுக் கீழே யார் பெயர் என்று குனிவான். காலமெல்லாம். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சர்பாங்கைக் கவிழ்க்க நினைத்து அவள் அப்பாவைத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

மூலை ரப்பரை நகத்தால் பற்றி, அப்பாவின் பெயரைக் கிழியாமல் முழுசாக உரித்தாள். தரையில் கிடந்த துபாய் வினைலில் ஒரு துண்டைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டினாள். சுற்றிலும் காகித டேப். பிறகு கத்தியை எடுத்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் ஃப்ரேமா.

கத்தி போனபோக்கில் ஒரு பெயர் வந்தது. சேர்வா.

"வேணாம்டி! ஞாயித்துக்கிழமை இதையே காட்டிப் பட்டறையைப் பிடுங்கிடுவாங்க! தப்பு அவனுது, உன் பேரை எதுக்குடி போடறே?"

"தெரிஞ்சேதாம்மா சும்மா இருந்தேன்."

"நான்தானேடி வாயை மூடச் சொன்னேன்!"

"மூடினது என் வாய்."

சர்பாங் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவனுக்கு இது பிடிக்கவில்லை. செத்தவர் மேல் போட்டால் கேள்வி வராது, உயிரோடு இருப்பவள் பெயர் இருந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்டால் யார் துப்பாக்கி பிடித்தது என்பதும் வரும்.

குடை குறுக்கே வந்தது.

"விடுடா," என்றாள் போமா அத்தை.

"அம்மா..."

"என் அண்ணன் பேர் தப்பிச்சா எனக்குப் போதும். இவ பேர் போனாப் போகட்டும்."

சேர்வா கையடக்கக் குழலை நீட்டிப் பத்து எண்ணும் நேரம் அடித்தாள். லேசான வேலைக்கு வினைல் அழகாகத் தாங்கியது. உரித்தபோது எழுத்துகள் அச்சுப் போல, சுத்தமாக, வெள்ளையாக இருந்தன.

அந்த நேரத்தில்தான் அரண்மனை பிக்கப் வந்து நின்றது.

*

இறங்கியவர் ராணித்தாயின் கோல்காரர். சபை கூடினால் ராணித்தாய் நேரில் யாரிடமும் பேசமாட்டார், அவர் சொல்லை ஊருக்கும் ஊர் சொல்லை அவருக்கும் எடுத்துப்போவது இவர் வேலை. துணியை இடது தோளில் சரிசெய்துகொண்டு கதவைச் சுற்றி வந்தார். பெயரைப் படித்தார். பிறகு முழங்காலை மடக்கி, ஓர் ஆள் நாற்காலியில் உட்காரும் உயரத்துக்குத் தணிந்தார். பருந்தின் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்தார்.

அவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எனக்கு வாசல் தெரியலையே," என்றார் கோல்காரர்.

சர்பாங் தன் வெள்ளைச் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினான்.

"டோம்ஃபே செஞ்ச கதவுல இது யார் பேர்?"

"என்னுது, ஐயா."

"உங்கப்பா கண்ணை விடச் சொல்லலையா?"

"சொன்னார். எழுதியே வச்சிருந்தார். அவர் மேல தப்பில்லை."

"அப்ப யார் மேல?"

சேர்வா சர்பாங்கைப் பார்த்தாள். அவன் முகம் வேர்த்திருந்தது. ஒரே ஒரு பெயர் போதும், இப்போதே அவனை முடித்துவிடலாம். ஆசை இருந்தது. இல்லையென்று நான் பொய் சொல்லமாட்டேன்.

"கீழ எழுதியிருக்கே, ஐயா," என்றாள்.

கோல்காரர் எழுந்தார். "இதை நான் எடுத்துப் போய்ச் சொல்ல முடியாது. இந்தக் கண்ணுக்காக அவங்க ரெண்டு மாசமா அந்தப் பக்கச் சுவரைத் திறந்துபோட்டுக் காத்திருக்காங்க. பேர் போட்டவளே வந்து சொல்லட்டும். ஏறு."

கதவைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். சேர்வா பின்னால் ஏறி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஃப்ரேமா வண்டியின் பக்கப் பலகையைப் பற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். இரண்டில் எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

சர்பாங் அதற்குள் பட்டறையை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வண்டி கிளம்பும் நேரத்தில் முன்கதவு திறந்தது. போமா அத்தை குடையை முதலில் உள்ளே போட்டு, பிறகு தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கம்மா போறே?" சர்பாங் ஓடிவந்தான். "உனக்கு அங்க என்ன வேலை?"

அவள் தன் துணி முனையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டு மறுபடி முடிந்தாள். பின்கண்ணாடி வழியாக சேர்வா அதைப் பார்த்தாள். வியாழன் துண்டு. அப்பாவின் கையெழுத்து.

ராணித்தாய் முன்னால் அத்தை அதை எடுத்து வைத்தால் இரண்டு விதமாகப் பேசலாம். 'இதை உரித்தது என் மகன்' என்று சொல்லலாம். 'இது தெரிந்தும் இவள் வாயைத் திறக்கவில்லை' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

"அத்தை," என்று சேர்வா கண்ணாடியைத் தட்டினாள். "அங்க என்ன சொல்லப் போறீங்க?"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ என்கிட்ட சொன்னியா, உள்ளே நின்னு என்ன செய்யப் போறேன்னு?" என்றாள்.